லீடர்போர்டு கோட் கேட்டவங்களுக்கு: தர மாட்டேன்

டிஸ்கி: இது பீர் பத்தின பதிவு. பிடிக்காதவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன். "இதெல்லாம் ஒரு பொழப்பா"ன்னு திட்டணும்னு தோணுறவங்க மட்டும் முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க. பாதி திட்டு நானே எனக்குக் குடுத்துக்கிட்டேன்.

போன பதிவுல நம்ம வீட்டு டாப் லிஸ்ட் படத்தைப் போட்டாலும் போட்டேன், மெயில் மேல மெயில். "தல, கோட் குடுங்க." பத்துல எட்டு பேர் கூடவே ஒரு வரி சேர்த்திருக்காங்க: "முக்கியமா அந்த யாரு எவ்வளவு அடிச்சாங்கங்கற பக்கம், கப்பு ஐகானோட இருந்துச்சே, அது." மக்களே, மத்தது எல்லாத்தையும் எடுத்துக்குங்க. சர்க்யூட் படம் வேணுமா, தர்றேன். டாப் லிஸ்ட் திரைக்கு நான் எழுதின கோட் வேணுமா, தர்றேன். அந்த ஒரு பக்கத்தோட கோட் மட்டும் தர மாட்டேன். என் மெஷின்லயே அதை அழிச்சாச்சு. நீங்களா உக்காந்து எழுதுறதா இருந்தாலும் வேணாம்னுதான் சொல்ல வர்றேன். ஏன்னு சொல்லத்தான் இம்புட்டு நீளப் பதிவு.

விஷயம் புரியாதவங்களுக்கு ஒரு சின்ன கொசுவத்தி. நான் ஆணி புடுங்குறது ஆரிகன் மாநிலத்துல, போர்ட்லண்ட் பக்கத்துல ஹில்ஸ்பரோ. இங்க வீட்டுல பீர் காய்ச்சுறது நம்ம ஊர்ல வடாம் போடுற மாதிரி சாதாரண சமாச்சாரம். 1978ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்துல இருந்து, சொந்த உபயோகத்துக்குன்னா வரி இல்லாம காய்ச்சிக்கலாம். வீட்டுல ரெண்டு பெரியவங்க இருந்தா வருஷத்துக்கு 200 காலன் வரைக்கும். ஆனா விக்கக் கூடாது. இந்த "விக்கக் கூடாது"ங்கறதை ஞாபகத்துல வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

காய்ச்சின பீரைப் பாட்டில்ல அடைச்சு அடைச்சு இடுப்பு ஒடிஞ்சதுக்கப்புறம், எல்லாரும் போய்ச் சேர்ற இடம் கெக். 5 காலன் எவர்சில்வர் பீப்பாய், கிட்டத்தட்ட 19 லிட்டர். பழைய ஃப்ரிட்ஜ் ஒண்ணு வாங்கி, கதவுல ஓட்டை போட்டு, மூணு டாப் வெச்சு, கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் மாட்டினா வீட்டுக்குள்ளயே பார். பார்ல கரும்பலகையில எழுதி வெச்சிருப்பாங்க இல்லையா, எந்த டாப்ல என்ன பீர், எத்தனை சதவீதம் ஆல்கஹால், எவ்வளவு கசப்புன்னு? அதுதான் டாப் லிஸ்ட். பொட்டி தட்டுறவன் சும்மா இருப்பானா? பழைய மானிட்டர், ஒரு ராஸ்பெரி பை, கெக்குல இருந்து வர்ற குழாய்ல ஆளுக்கொரு ஃப்ளோ மீட்டர். ராஸ்பெரிபின்ட்ஸ், கெக்பாட்னு ஓப்பன் சோர்ஸாவே இதுக்கு சமாச்சாரம் இருக்கு. நான்தான் திமிரெடுத்து எல்லாத்தையும் முதல்ல இருந்து எழுதினேன்.

ஃப்ளோ மீட்டர்னா பெரிய ராக்கெட் சயின்ஸ் கிடையாது. குழாய்க்குள்ள ஒரு குட்டிச் சக்கரம், சக்கரத்துல ஒரு காந்தம், வெளிய ஒரு ஹால் சென்சார். பீர் ஓடினா சக்கரம் சுத்தும், சுத்தச் சுத்த பல்ஸ் வரும், எண்ணிக்க வேண்டியதுதான். ஒய்எஃப்-எஸ்201னு சல்லிசா கிடைக்கிற மீட்டர் லிட்டருக்கு 450 பல்ஸ் தரும். அது 5 வோல்ட்ல சிக்னல் அனுப்பும், பை தாங்குறது 3.3 வோல்ட். நடுவுல ரெண்டு ரெசிஸ்டர் வைக்கலைன்னா பை பரலோகம். (ஒண்ணு போயிடுச்சு. தங்கமணிக்குத் தெரியாது. இப்பத் தெரியும்.)

முதல் வாரமே ஒரு அமானுஷ்யம். ராத்திரி 3 மணிக்கு ரெண்டாவது டாப்ல யாரோ 40 மில்லி குடிச்சிருக்காங்க. மறுநாளும். பேய்னா எப்படியும் 7% ஐபிஏவைத்தான் தேடிப் போயிருக்கும், கோதுமை பீரைக் குடிக்குமா? அப்புறம் பாத்தா ஃப்ரிட்ஜ் கம்ப்ரெஸர் ஓட ஆரம்பிக்கிற நேரமெல்லாம் வயர்ல இரைச்சல் ஏறி, அதையும் பல்ஸுன்னு எண்ணித் தொலைச்சிருக்கு. புல்-அப் ரெசிஸ்டர் போட்டு, வயரை ஷீல்டு பண்ணி சரி பண்ணினேன். பிரச்சினை தீர்ந்துச்சுன்னு சந்தோஷப்பட்டேனே தவிர, "இது பொய் சொல்லக்கூடிய பொருள்"னு மண்டையில ஏறவே இல்லை. அங்கயே ஏறியிருக்கணும்.

இதுவரைக்கும் எல்லாம் கெக்கைப் பத்தின கணக்கு. எவ்வளவு மிச்சம், எப்ப அடுத்ததைக் காய்ச்சணும். நல்ல உபயோகம்தான். அதுக்கப்புறம்தான் புத்தி கெட்டுப் போய் ஆர்எஃப்ஐடி கார்டு வாங்கினேன். நண்பர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு கார்டு. தேய்ச்சிட்டு ஊத்தினா அவர் பேர்ல ஏறும். யார் எவ்வளவு, இன்னைக்கு, இந்த மாசம், மொத்தமா. முதல் இடத்துக்குக் கப்பு ஐகான். பயலுக எல்லாம் குதியாட்டம் போட்டானுங்க. நானும்தான். அந்தப் பக்கம் எழுதினப்போ இருந்த சந்தோஷம், ஆபீஸ்ல நாலு வருஷமா ஆணி புடுங்கி ஒரு நாள்கூட வந்ததில்லை. பொய் சொல்ல விரும்பலை.

முதல் அடி ஜூலை மாசம் விழுந்துச்சு. நண்பன் ஒருத்தனோட அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தாங்க. ஞாயித்துக்கிழமை மதிய சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வந்தான். டாப் எல்லாம் மூடித்தான் வெச்சிருந்தேன், ஆனா மானிட்டரை அணைக்க மறந்துட்டேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிதானமா படிச்சாங்க. முதல் இடத்துல மகன் பேரு, பக்கத்துல தங்கக் கப்பு, "41.6 லிட்டர்." "என்ன போட்டிப்பா இது? ஜெயிச்சிருக்கியே"ன்னாங்க. அவங்களுக்குப் புரியலைன்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சோம். சாப்பிட்டு முடிச்சு, கை கழுவிட்டு வரும்போது என்கிட்ட மட்டும் மெதுவா கேட்டாங்க: "அது எத்தனை நாள் கணக்கு தம்பி?" ஆறு மாசம்னேன். அவங்க மேல ஒண்ணும் சொல்லலை. அவன் அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எங்க வீட்டுப் பக்கம் வரலை. டாஸ்மாக் வாசல்லகூட இன்னார் இவ்வளவுன்னு போர்டு எழுதி மாட்டினதா நான் பாத்ததில்லை. நான் என் வீட்டு ஹால்ல மாட்டினேன், அதுவும் மின்னுற எழுத்துல.

இது வெறும் மானப் பிரச்சினை. இனி சொல்லப் போறதுதான் இந்தப் பதிவு எழுத வெச்சது.

நவம்பர்ல ஒரு சனிக்கிழமை, பிறந்தநாள் விருந்து. எங்க கூட்டத்துல மூத்தவர் ஒருத்தர் இருக்கார், எல்லாருக்கும் அண்ணன். இங்க வந்து இறங்கின புதுசுல எனக்கு வீடு பாத்துக் குடுத்து, கட்டில் வாங்க வண்டி ஓட்டிட்டு வந்த மனுஷன். அண்ணி, அஞ்சு வயசுப் பொண்ணோட வந்திருந்தார். அண்ணி இன்னும் லைசென்ஸ் எடுக்கலை. அன்னைக்கு ஐபிஏ புது கெக். நுரை பொங்கிக்கிட்டே இருந்துச்சு, குழாய் நீளம் பத்தலை. அந்த டாப்ல ஃப்ளோ கன்ட்ரோல் உண்டு, அதைத் திருகிச் சின்னதாக்கினா மெல்லிசா இறங்கும், நுரை வராது. "மெதுவா ஊத்துங்கப்பா, மெதுவா"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னது நான்தான்.

பத்தரை மணிக்கு அண்ணன் கிளம்பினார். வெளிய மழை. ஆரிகன் நவம்பர்ல மழை இல்லாத ராத்திரி ஏது? தங்கமணி என்னைச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துச் சொன்னா: "அண்ணன் பேசறதைக் கவனிச்சியா? ஒரே கதையை ரெண்டு தடவை சொல்றார். போக விடாதே." நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அவரைத் திரும்பிப் பாக்கலை. மானிட்டரைப் பாத்தேன். "ரெண்டு பைன்ட்தான்டி, வந்து நாலு மணி நேரமாச்சு, ஒண்ணும் ஆகாது"ன்னேன். அண்ணனும் சிரிச்சுக்கிட்டே போர்டைக் காட்டினார்: "உன் புருஷன் மெஷினே சொல்லுதும்மா, ரெண்டு." குழந்தையைத் தூக்கிப் பின்சீட்ல படுக்க வெச்சு பெல்ட் போட்டதும் நான்தான். "பத்திரமா போங்கண்ணே."

ஒண்ணும் ஆகலை. பீவர்ட்டன் வரைக்கும் 26ஆம் நம்பர் ஹைவேல போய், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டோம்னு மெசேஜ் போட்டார். படம் எடுக்கிற மாதிரி சம்பவம் எதையும் எதிர்பாத்து வந்திருந்தா மன்னிக்கணும்.

மறுநாள் காலையில கெக்கை ஃப்ரிட்ஜுல இருந்து எடுக்கும்போது லேசா இருந்துச்சு. திரையில 9.1 லிட்டர் மிச்சம். கை நம்பலை. குளியலறை எடை மெஷின்ல ஏத்தினேன், 10.9 கிலோ. காலிக் கெக் 4.1 கிலோ. அப்ப பீர் 6.8 கிலோ, லிட்டர்ல 6.7. அதாவது 2.4 லிட்டர் கணக்குல வராமலே போயிருக்கு. அஞ்சு பைன்ட் மக்களே. யார் பேர்லயும் ஏறாத அஞ்சு பைன்ட்.

காரணம் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகலை, அதுதான் இன்னும் வயித்தெரிச்சல். இந்த மீட்டர் நிமிஷத்துக்கு 1 லிட்டர்ல இருந்து 30 லிட்டர் வரைக்கும் ஓடுற ஓட்டத்துக்குன்னு செஞ்சது. சாதாரணமா பீர் டாப் நிமிஷத்துக்கு மூணரை, நாலு லிட்டர் ஊத்தும், அதுல ஏதோ சமாளிக்கும். நான் மெதுவா ஊத்தச் சொன்னதுல ஓட்டம் 1 லிட்டருக்கும் கீழ போயிடுச்சு. சக்கரம் அரைகுறையா சுத்தியிருக்கு, சில நேரம் சுத்தவே இல்லை. காலிப்ரேஷன் அஞ்சு தடவை பண்ணினேன், ரொம்பப் பெருமையா. எதை வெச்சு? தண்ணியை வெச்சு, டாப்பை முழுசாத் திறந்து வெச்சு. பரீட்சைக்கு வந்த கேள்வி வேற.

அண்ணன் குடிச்சது ரெண்டா, மூணா, நாலான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. எண்ணுற வேலையைத்தான் மெஷின்கிட்ட குடுத்துட்டாரே! முன்னாடி எல்லாம் அவரே விரல் விட்டு எண்ணுவார், மூணாவதுக்கு வேணாம்பார். அந்தப் பழக்கத்தைப் பிடுங்கினது என் போர்டு.

சரி, மீட்டர் சரியா எண்ணியிருந்து ரெண்டேதான்னு வெச்சுக்குவோம். அப்ப மட்டும்? இந்த ஊர்க் கணக்குல ஒரு டிரிங்க்னா 14 கிராம் ஆல்கஹால், 5% பீர்ல 355 மில்லி. என் ஐபிஏ காய்ச்சும்போது 1.065ல ஆரம்பிச்சு 1.012ல நின்னது, அப்படின்னா 7%க்குப் பக்கம். பைன்ட் 473 மில்லி. கணக்குப் போட்டா ஒரு பைன்ட்டுல 26 கிராம். ஒண்ணுன்னு திரை சொன்னது கிட்டத்தட்ட ரெண்டு. ரெண்டுன்னு சொன்னது நாலுக்குக் கொஞ்சம் கம்மி. 450 பல்ஸை லிட்டராக்கி, லிட்டரைப் பைன்ட்டாக்கி, தசமப் புள்ளியோட காட்டின கோட்ல, எத்தனை கிராம் உள்ள போச்சுங்கற ஒரு வரி இல்லை. எழுதின எனக்கே அதுவரை உறைக்கலை.

நம்ம ஆளுங்களுக்கு இன்னொரு தலைவலியும் இருக்கு. இங்க டி.யு.ஐ.ஐ.ன்னு மாட்டினா கோர்ட்டோட போயிடாது. 2015 நவம்பர்ல வந்த வழிகாட்டுதல்படி, அஞ்சு வருஷத்துக்குள்ள குடிச்சிட்டு ஓட்டினதா கைதாகியிருந்தாலே, தீர்ப்பு வரலைன்னாலும், தூதரகம் விசாவை ரத்து பண்ண முடியும். ஊருக்குப் போனா மறுபடியும் விசாவுக்கு நிக்கணும், மருத்துவப் பரிசோதனை உட்பட. விசாவாவது பரவாயில்லை. பின்சீட்ல குழந்தை தூங்கிட்டு இருந்துச்சு. அதுக்கு நான் பெல்ட் போட்டேன்.

இதை எல்லாம் நண்பர்கள்கிட்ட சொன்னா, பொட்டி தட்டுறவன் புத்தி எங்க போகும்? "நல்ல மீட்டரா வாங்குடா." ஸ்விஸ்ஃப்ளோ மாதிரி மீட்டர் வாங்கினா லிட்டருக்கு 5000 பல்ஸுக்கு மேல, மெது ஓட்டத்தையும் இன்னும் கீழ வரை பிடிக்கும். உண்மைதான், கெக் கணக்குக்கு வாங்குங்க. ஆனா நுரை வந்தா எந்தச் சக்கரமும் கண்டபடி சுத்தும். அதைவிட முக்கியம், குழாய்ல போனதுதான் மீட்டருக்குத் தெரியும், வாய்க்குள்ள போனது தெரியாது. ஒருத்தன் கார்டுல நாலு பேருக்கு ஊத்துவான். ஒருத்தன் பாதியைக் கீழ கொட்டுவான். நம்ம வீட்டு விருந்துல "இதையும் கொஞ்சம் ருசி பாருங்கண்ணே"ன்னு கிளாஸை நீட்டுறதை எந்த சென்சார்ல பிடிப்பீங்க?

அடுத்த கட்சி இன்னும் ஆபத்து. "சதவீதம், உடம்பு எடை, நேரம் எல்லாம் சேர்த்து ஃபார்முலா போட்டு, பச்சை விளக்கு சிவப்பு விளக்கு காட்டலாமே." நானே பாதி எழுதி வெச்சிருந்தேன் சாமி. ஸ்வீடன்காரர் விட்மார்க் 1930கள்ல குடுத்த ஃபார்முலாதான், நாலு வரி. அது சராசரி மனுஷனுக்கான கணக்கு. சாப்பிட்டாரா, தூங்கினாரா, கடைசி கிளாஸ் அரைமணிக்கு முன்னாடியா, அது இன்னும் ரத்தத்துல ஏறிக்கிட்டே இருக்கா, இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். தப்பான எண்ணையாவது ஒருத்தர் சந்தேகப்படலாம். பச்சை விளக்கை யார் சந்தேகப்படுவாங்க? அது அனுமதிச் சீட்டு மாதிரி.

"பார்லயே வெச்சிருக்கானே"ங்கறது மூணாவது வாதம். வெச்சிருக்கான். கையில பட்டை கட்டிக்கிட்டு நாமளே ஊத்திக்கிற கடைகள்ல அவுன்ஸ் கணக்குலதான் காசு. அங்க பேர் வேணும், ஏன்னா பில் போடணும். நான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, நாம விக்கவே கூடாது. யாருக்கும் பில் கிடையாது. அப்ப பேர் எதுக்கு? இன்னொண்ணு, அந்தக் கடைகள்ல வழக்கமா 32 அவுன்ஸ் மாதிரி ஒரு வரம்பு வரும்போது டாப் நின்னுடும். அப்புறம் கடைக்காரர் வந்து பாத்துட்டுத்தான் திறந்து விடுவார். ஆரிகன்ல மது பரிமாறுறவங்க அதுக்குன்னு பாடம் படிச்சு பர்மிட் வாங்கியிருக்கணும். அத்தனை லட்சம் கொட்டி மாட்டின மெஷின்லயும் கடைசி முடிவு, வந்து முகத்தைப் பாக்குற ஒரு ஆள்கிட்ட இருக்கு. என் வீட்டுல அந்த ஆள் நான். தங்கமணி முகத்தைப் பாத்தா. நான் போர்டைப் பாத்தேன்.

"சும்மா ஜாலிக்குத்தானே பாஸ்"னு ஒருத்தர் எழுதியிருந்தார். ஜாலிதான். கப்பு ஐகான் வந்த மாசத்துல இருந்து மாதாந்திரக் கணக்கு ஏறிக்கிட்டே போனதை என் டேட்டாபேஸ்லயே பாத்தேன். ரெண்டாவது இடத்துல இருந்தவன் "இன்னும் 300 மில்லிதான்டா"ன்னு கிளம்புற நேரத்துல திரும்பி வந்து ஊத்தினதும் ஞாபகம் இருக்கு. அப்ப நான் கை தட்டினேன்.

அண்ணன்கிட்ட அடுத்த வாரம் நேர்ல போய்ச் சொன்னேன். எடை போட்டது, 2.4 லிட்டர், எல்லாம். ரொம்ப நேரம் பேசலை. அண்ணி காபி கொண்டுவந்து வெச்சுட்டு, "உங்க வீட்டுல இருந்து கிளம்பும்போதே எனக்குத் தெரியும் தம்பி. போர்டைக் காட்டினதும் நான் என்னத்தைச் சொல்ல?"ன்னாங்க. அண்ணன் தலையைக் குனிஞ்சு காபியை ஆத்திக்கிட்டே இருந்தார், ஆறினதுக்கு அப்புறமும்.

இப்ப போர்டுல என்ன இருக்குன்னு கேட்டா: மூணு பீர் பேரு, சதவீதம், ஒரு பைன்ட் எத்தனை டிரிங்க்குக்குச் சமம்னு பெரிய எழுத்துல (ஐபிஏக்கு 1.9னு காட்டுது, நிறைய பேர் ஒருதடவை நின்னு படிக்கிறாங்க), கெக்குல எவ்வளவு மிச்சம். மிச்சத்தையும் சக்கரம் சொல்றதில்லை. கெக்குக்கு அடியில நாலு லோட் செல், ஹெச்எக்ஸ்711 போர்டு, எடை பாத்துச் சொல்லுது. குளிர்ல கொஞ்சம் நகரும், வாரத்துக்கு ஒரு தடவை சரி பண்ணிக்கிறேன். குழாய்ல சக்கரம் இல்லாததால கழுவுறதும் சுலபம். இந்தக் கோட் கேட்டு மெயில் போடுங்க, அன்னைக்கே அனுப்புறேன். எங்க வீட்டுப் பார்ட்டிக்குப் புது விதி ஒண்ணும் உண்டு. வாசல்ல ஒரு எவர்சில்வர் சம்படம், கார் சாவி எல்லாம் அதுல. சம்படம் தங்கமணி பொறுப்பு. மேக்ஸ் ரயில் நேரம் எழுதின தாள் அது மேலயே ஒட்டியிருக்கு.

ஆர்எஃப்ஐடி ரீடர் ரெண்டும், கார்டு பதினெட்டும் சும்மா கிடக்கு. உருப்படியா என்ன பண்ணலாம்னு யோசனை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. கேரேஜ் கதவுன்னு மட்டும் சொல்லாதீங்க, தங்கமணி ஏற்கெனவே முடியாதுன்னுட்டா.